கேரியர் இல்லாமல் வந்த மலை சைக்கிள்

1. பெட்டி பிரித்த நாள்

பெட்டியைப் பிரித்துப் பாகங்களைச் சாக்கின் மேல் பரப்பியதும், வழியில் லாரியில் எவனோ கைவைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கேரியர் இல்லை. மட்கார்டு இல்லை. ஸ்டாண்டு, செயின் கவர் இல்லை. ஒரு பெல் கூட இல்லை. திருடியவன் நிதானமாக உட்கார்ந்து திருடியிருக்கிறான்.

எண்பதுகளின் கடைசி அது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், லெப்பைக்குடிக்காடு காதர் பாயின் சைக்கிள் கடையில் நான் பிட்டர். அப்போதெல்லாம் புது சைக்கிள் முழுசாக வராது. பிரேம் தனியாக, ரிம் தனியாக, போக்ஸ் கம்பி கட்டாக வரும். அதைக் கோத்து, சக்கரத்தில் கோட்டம் எடுத்து, ஓட்டிப் பார்த்துக் கொடுப்பது பிட்டர் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கோப்பேன் என்று சொல்லித் திரிந்த காலம்.

அந்த வருஷம் கம்பெனி ஒரு புது மாடல் விட்டது. தடித்த டயர், நேர் ஹேண்டில்பார், பின்னால் ஐந்து கியர். கடைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒருவன் அதைப் பாறை மேல் ஓட்டிக்கொண்டிருந்தான். அதனால் நாங்கள் வைத்த பெயர் மலை சைக்கிள். படத்திலும் கேரியர் இல்லைதான். பாறையில் ஏறுகிறவன் கழட்டி வைத்துவிட்டு ஏறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டோம்.

பாய் மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டார்.

“ஏங்க, பாதி சைக்கிள்தான் வந்திருக்கு. மீதி எங்கங்க?”

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். பாயின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

“அவ்வளவுதானாம்டா, தங்கராசு.”

“எது பாய்?”

“சைக்கிளே அவ்வளவுதானாம். வெளிநாட்டு ஸ்டாண்டர்டாம்.”

2. மாப்பிள்ளை வந்து பார்த்தார்

அந்த வண்டியைப் படத்தைப் பார்த்தே புக் பண்ணியிருந்தவர் மருதமுத்து. எறையூர்க்காரர். கரும்பு வயல்களைச் சுற்றிப் பார்க்கும் வேலை. பாடாலூரில் பெண் நிச்சயமாகி, கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. மறுவீடு முடிந்து பெண்ணைப் புது சைக்கிளில்தான் கூட்டிப் போவேன் என்று பெண் வீட்டிலேயே வாய் விட்டிருந்தார். வாடகைக் கார் பேசலாம் என்ற மாமனாரிடம், “எங்கிட்ட மலை சைக்கிள் வருது மாமா” என்று சொல்லியும் விட்டார்.

அவர் வந்து வண்டியை மூன்று முறை சுற்றினார்.

“பாய், இதுல பொண்ண எங்க உக்கார வைக்கிறது?”

“முன்னாடி பார்ல வச்சுக்கிடுங்களேன்.”

“பாரு சரிவால்ல இருக்கு. வழுக்கி எம்மேல வந்து வுழும்.”

“அது நல்லதுதானே மாப்ள!”

மருதமுத்து சிரிக்கவில்லை. “கேரியர் இல்லாட்டி எனக்கு வண்டி வேணாம் பாய். என் மானம் போயிரும்” என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாய் என் பக்கம் திரும்பினார். “கெஞ்சிக் கூத்தாடி வாங்குன மாடலு. மொத வண்டியே திரும்புச்சுன்னா ஏஜென்சிய வேற ஊருக்குக் குடுத்துருவான். வண்டி திரும்பிப் போனா நீயும் அதுலயே ஏறி மெட்ராஸுக்குப் போயிரு.”

பயந்துதான் போனேன். எனக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

3. எதுவும் எதிலும் சேரவில்லை

ஒரு கேரியர் மாட்டுவது என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

கேரியர் காலில் உள்ள ஓட்டை பின் சக்கர ஆக்சிலில் நுழைய வேண்டும். இந்த ஆக்சில் தடிமன் வேறு, நுழையவில்லை. ஓட்டையைப் பெரிசாக்கினேன். நுழைந்தது, நட் கொள்ளவில்லை. திரெட் வேறு. மேலே மாட்டும் கிளிப் பழைய பிரேம் குழாய்க்குச் செய்தது, இந்தக் குழாய் அதைவிடப் பருமன். கடைசியில் வெல்டிங் பட்டறையில் கெஞ்சிப் புதுக் கிளிப்பும், டயரின் அகலத்துக்கு விரித்த காலும் அடித்து வாங்கினேன்.

கேரியரோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்று மாட்டினால் அடுத்தது இல்லாதது கண்ணை உறுத்தும். எங்களிடம் இருந்த மட்கார்டு அந்த டயருக்கு மேல் கோவணம் மாதிரி இருந்தது. பழைய மொபெட் மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி மாட்டினேன். ஸ்டாண்டு பெரிய சக்கர சைக்கிளுக்குச் செய்தது. போட்டதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, வண்டி தலைகுனிந்து நின்றது. டயர் முழுக்கக் கட்டை கட்டையாகப் புடைத்திருப்பதால், விளக்குக்கு மாட்டிய டைனமோ உரசியபோது மாவு மில் ஓடுகிற சத்தம் வந்தது. வெளிச்சம் மட்டும் வரவில்லை.

செயின் கவர்தான் என்னை அழ வைத்தது. முழு கவர் போட்டால் கியர் மாற்ற இடமில்லை. கியர் வேண்டுமென்றால் கவர் கிடையாது. மருதமுத்துவையே கூப்பிட்டுக் கேட்டேன்.

“வேட்டில கறை படக் கூடாது தங்கராசு. கவர் போட்டுருங்க.”

“அப்ப கியர மாத்த முடியாதுங்க. ஒரே கியருலதான் நிக்கும்.”

“கியர் இருக்குல்ல? அது போதும். மாத்தித்தான் ஆகணுமா என்ன?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. செயினை ஒரு பல்சக்கரத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டேன். பெல்லும் குஞ்சமும் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து வண்டியை அனுப்பினோம்.

4. கம்பெனி சார்

கல்யாணம் முடிந்த வாரமே மெட்ராஸிலிருந்து கம்பெனி ரெப் வந்து இறங்கினார். தோளில் கேமரா. இந்தப் பக்கத்தில் விற்ற முதல் வண்டியைப் போட்டோ எடுத்துக் கம்பெனி புத்தகத்தில் போடுவாராம். பாய் பதறிப்போனார். டீ வாங்கிக் கொடுத்தார், பன் வாங்கிக் கொடுத்தார், வண்டி மட்டும் ஊரில் இல்லை என்றார்.

அப்போது பாடாலூர் ரோட்டுப் பக்கமிருந்து மாவு மில் சத்தம் கேட்டது.

மருதமுத்து வந்துகொண்டிருந்தார். பட்டப்பகலில் டைனமோ போட்டிருந்தார், எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டுமாம். பின்னால் கேரியரில் புதுப்பெண் சாந்தி, மடியில் சீர்ப்பலகாரத் தூக்குடன். மறுவீடு முடிந்து எறையூர் போகிறவர்கள், எங்களிடம் காட்டிவிட்டுப் போகலாமென்று கடை வாசலில் நிறுத்தினார்கள். ஸ்டாண்டு போட்டதும் வண்டி தலைகுனிந்து நின்றது.

ரெப் கேமராவை மூடினார்.

“இதுல நாங்க அனுப்பின சைக்கிள் எங்கய்யா?”

“உள்ள இருக்குங்க சார்” என்றேன். வேறென்ன சொல்ல?

“ஏஜென்சியைக் கேன்சல் பண்ணிடுவேன்! ஒரு நல்ல மாடலை இப்படியா பண்ணி வைப்பீங்க?”

பாய் “யா அல்லாஹ்” என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மெட்ராஸ் பஸ் கண்முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் சாந்தி வாய் திறந்தார்.

“சார், டயர் பெருசா இருக்கவும் ரோட்டுக் குழியே தெரியலைங்க. அம்புட்டு சொகமா வந்தேன். ஆனா கேரியர் வைக்காம அனுப்புனீங்களாமே, சைக்கிள் வாங்குறவனுக்குப் பொண்டாட்டி இருக்க மாட்டாளுன்னு நெனச்சீங்களா?”

ரெப் குனிந்து கேரியரைப் பார்த்தார்.

“ஒண்ணுதான் கொறைங்க. வழியில மேட்டுல மிதிக்க முடியாம ரெண்டு பேரும் எறங்கித் தள்ளிட்டு வந்தோம்.”

ரெப் துள்ளி நிமிர்ந்தார். “அதுக்குத்தாம்மா கியரே!” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப் போனேன். அவர் சொன்னது சரிதான். அங்கேயே செயின் கவரைப் பாதியாக வெட்டி, கியரை விடுவித்தேன். மருதமுத்து வேட்டியையும் பாதியாக மடித்துக் கட்டிக்கொண்டார். ரெப் கேரியர் கிளிப்பை நோட்டம் விட்டு, அளவெடுத்தார். கடைசியில் போட்டோவும் எடுத்தார், கேரியரில் சாந்தியோடு சேர்த்து.

அடுத்த சீசனில் அதே மாடலுக்குக் கம்பெனியே கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, பாதி செயின் கவர் எல்லாம் வைத்து அனுப்பியது. பெட்டியைப் பிரித்து எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகு மாட்ட உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஆக்சில் சைஸை மாற்றியிருந்தார்கள். அவர்கள் கேரியர் அவர்கள் வண்டிக்கே சேரவில்லை.

5. கடைசியாக ஒன்று

பல வருஷம் கழித்து, காலேஜ் படிக்கும் மருதமுத்துவின் மகன் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். “மாமா, கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் கழட்டிடுங்க. மொட்டையா இருந்தாத்தான் இப்ப ஸ்டைலு” என்றான். கழட்டிக் கொடுத்தேன். பெட்டியிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிட்டது.

மறுநாளே சாந்தி பஸ் ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

“தம்பி, அந்தக் கேரியரத் தூக்கிப் போட்டுட்டீங்களா?”

ஆணியில் தொங்கியதைக் காட்டினேன். அவர் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். திரெட் மாறும், ரிம் மாறும், ஆக்சில் மாறும், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எதைக் கழட்டினாலும் உடனே பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அதில் உட்கார்ந்து போனவர் யாராவது தேடி வருவார்.

சாந்தி அக்கா கேரியரை மடியில் வைத்துக்கொண்டு எறையூர் பஸ்ஸில் போனார். ஞாயிற்றுக்கிழமை மருதமுத்து வண்டியோடும் அந்தக் கேரியரோடும் வந்தார். திரும்ப மாட்டினேன். முதல் தடவையே சேர்ந்தது.