சீட்டில் எழுதிய வார்த்தை

அவசர சிகிச்சை மையத்தின் முன்வாசலில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் 'சீட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவரின் பெயர், வயது, தொல்லை மூன்றையும் கேட்டு, சீட்டில் எழுதி, டாக்டர் அறைக்கு அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே நாற்காலி. புகார் மனு வாங்குவதும் அந்த ஜன்னலில்தான். யார் திரும்பி வந்து புகார் கொடுப்பார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தப்பு மருந்து கொடுத்த டாக்டர் மேல்கூட அவ்வளவாகப் புகார் வராது. ஏறெடுத்துப் பார்க்காத டாக்டர் மேல் கட்டாயம் வரும்.

"நிமிர்ந்து பாக்கறதுக்குக் காசா பணமா?" என்று நர்ஸிடம் நொடித்துக்கொள்வாள்.

புது டாக்டர் அந்த ரகம். உள்ளே அவர் ஒரே ஆள், வெளியே அறுபது பேர். பாவம், அவரும் என்ன செய்வார்? அதற்காக இவளாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வந்தவர் வளர்த்துகிற கதையை எல்லாம் எழுதாமல் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். காய்ச்சல். சுளுக்கு. வயிற்றுப்போக்கு. டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கீழேயே மருந்தை எழுதிவிடுவார். வரிசை மளமளவென்று நகரும். அதில் அவளுக்குப் பெருமை வேறு. என்ன பெருமையோ!

போன திங்கட்கிழமை காலை ஒரு லாரி டிரைவர் மகளோடு வந்தார். மகள் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு வருவதற்குள் அவரே ஜன்னலுக்கு வந்துவிட்டார். நெஞ்சை அடைக்கிறது, இடது கை மரத்துப்போகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றார். பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. "வாய்வாத்தான் இருக்கும்மா" என்று சிரித்தார். அவள் 'வாய்வு' என்று எழுதி அனுப்பினாள். டாக்டர் தொடாமலே இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுப் படி ஏறும்போதே மனிதர் சரிந்து விழுந்து செத்துப்போனார்.

இன்று அந்த மகள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அழுது கண் வீங்கியிருந்தது. கையில் அதே சீட்டு.

"புகார் கொடுக்கணும்க்கா. எனக்குக் கை நடுங்குது, நீங்களே எழுதித் தாங்க. இதப் பாருங்க, அப்பா சொன்ன எதையும் காதுல வாங்காம வாய்வுன்னு எழுதித் துரத்திட்டாரு அந்த டாக்டர்."

சீட்டக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். அது என் எழுத்தும்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நாளைக்கே வேலை போய்விடும். முதுகு ஒடிந்து படுத்திருக்கும் புருஷன், படிக்கிற இரண்டு பெண்கள், எல்லாரும் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். சொல்லாவிட்டால் டாக்டர் தலையில் மொத்தமும் விழும். அவர் தொட்டுப் பார்க்கவில்லை என்பது நிஜம்தானே என்று தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தாள்.

பேனாவை எடுத்தாள். சீட்டில் இருக்கும் எழுத்தோடு ஒத்துப்போய்விடக் கூடாது என்று கோணல்மாணலாகச் சாய்த்து எழுதினாள். மகள் அழுதழுது சொல்லச் சொல்ல ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

"நீங்க ஒருத்தராவது பொறுமையா கேட்டீங்களேக்கா." மகள் தடுப்பின் ஓட்டை வழியாகக் கையை விட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா ஒரு வரி. வாய்வுன்னு எழுதின கை விளங்காமப் போகணும். அதையும் போடுங்க."

"புகார்ல அதெல்லாம் எழுதக் கூடாதும்மா."

"செத்தது எங்க அப்பாக்கா. எழுதுங்க."

எழுதினாள்.