அம்மா கேட்டது

பாபநாசம் பஸ் நிறுத்தம். எஸ்.டி.டி. பூத் நிழலில், மலையிலிருந்து இறங்கிவந்த காணிக்காரப் பழங்குடிப் பெண் ஒருத்தி தேன் விற்கிறாள். என் வயதுதான் இருக்கும். என் அம்மாவும் அந்த மலைக்காரிதான். கல்யாணமாகித் தச்சநல்லூருக்கு வந்தபின் வீட்டில் காணிப் பாஷை பேசியதேயில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாலு நாள் அதை மட்டும்தான் பேசினாள். என்னைப் பார்த்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வலிக்கிறதாக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.

இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடக்கும் அந்த வாக்கியத்தைத் தேன்காரியிடம் தட்டுத்தடுமாறிச் சொல்கிறேன். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள்.

“நீ தூங்குனியான்னு கேட்டிருக்காவ,” என்கிறாள். “நீங்க என்ன சொன்னீய?”

“ஒண்ணும் சொல்லலை. தூங்குனேன்னு அந்தப் பேச்சுல எப்படிச் சொல்லணும்?”

சொல்லித் தருகிறாள். நான் சொன்னதும் தலையாட்டித் திருத்துகிறாள். மறுபடி சொல்கிறேன்.

“இப்ப சரியாச் சொல்லுதீய.”

திருநெல்வேலி பஸ் வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து, மலையைப் பார்த்து அம்மாவிடம் அதையே சொல்கிறேன். அந்த நாலு நாளும் நான் கண் மூடவில்லை.