மாமாவின் இரண்டாவது பிரேக்

என் அக்காவின் கணவர் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மாமாவுக்கு அது மூக்கைத் தாண்டி ஸ்டீயரிங் வரை நீண்டிருந்தது. மாணவர்கள் அவருக்கு ‘ஹாரன் வாத்தியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு மாணவி புத்தரின் வாழ்க்கைக் கதையைப் பின்சீட்டில் மறந்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. அன்றைக்கு அவர் போட்ட சத்தத்துக்கு யார்தான் திரும்பி வருவார்கள்? வகுப்புகளுக்கு நடுவே காரிலேயே உட்கார்ந்து மாமா அதைப் படிக்க ஆரம்பித்தார்.

புத்தரைவிட அவருடைய தேரோட்டியைத்தான் மாமாவுக்கு முதலில் பிடித்துப்போனது.

“இளவரசன் தேர்ல போறப்ப ஒரு கிழவர், ஒரு நோயாளி, ஒரு பிணம், ஒரு துறவின்னு நாலு பேரையும் நல்லாப் பார்த்தான். ஏன்? ஓட்டினவன் நிதானமா ஓட்டினான். அவன் மட்டும் விரட்டியிருந்தா புத்தரே கிடையாது!” என்று கிளட்ச் பிடிக்கத் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

பேச்சில் கடுமை கூடாது என்று அந்தப் புத்தகத்தில் படித்த அன்றே கத்துவதை நிறுத்தினார். சிவப்பு விளக்கில் நின்றால் மூச்சைக் கவனிப்பார். பச்சை விழுந்தபிறகும் கவனித்துப் பின்னால் வருபவர்களிடம் திட்டு வாங்குவார். சிரித்துக்கொள்வார். முதல் மாதம் அக்கா காய்ச்சலோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது, அந்த வீட்டில் நிம்மதி வந்தது.

அக்கா நர்ஸ். போன வருடம் அவளை ஊருக்கு மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். காலை ஆறு மணிக்கு வேலை, அந்நேரத்தில் பஸ் கிடையாது. மாமாவுக்கும் அதே நேரத்தில்தான் முதல் வகுப்பு. கூட வேலை பார்த்த ஓர் அம்மா தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவரும் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. அதற்குள் அக்கா லைசென்ஸ் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். அந்த வேலை அவளுக்கு உயிர்.

வாத்தியார் வீட்டிலேயே இருக்க, அக்கா ஏற்கெனவே இரண்டு தடவை தேர்வில் தோற்றிருந்தாள். இரண்டு தடவையும் ஒரே தப்பு. குறுக்கே ஆள் வந்தபோது பிரேக் போடவில்லை.

“நீ பின்னால உட்கார்ந்து பாரு மச்சான். எங்க தப்புன்னு எனக்குப் புரியல” என்றார் மாமா. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். பார்ப்பதுதானே என் பிழைப்பு? போனேன்.

கற்றுக்கொடுக்கும் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். நாய் வந்தது, மாமாவின் கால் மிதித்தது. சைக்கிள் வந்தது, மாமாவின் கால் மிதித்தது. அக்காவின் கால் நகரவே இல்லை. நகர அவசியமும் இல்லை. வாயை விட்டு இறங்கிய கோபம் காலில் போய் உட்கார்ந்திருந்தது.

சொன்னேன். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நாலு வருஷமா யாரையாவது ஒரு சுடுசொல் சொல்லியிருக்கேனா? என்னை மாதிரி பொறுமையான வாத்தியார் இந்த ஊர்ல உண்டா?”

அக்கா எஞ்சினை அணைத்தாள். “என்னங்க, அந்தத் தேரோட்டி கடைசியில என்ன ஆனாருன்னு படிச்சீங்களா?”

மாமா படிக்கவில்லை. தேரோட்டி வரும் முதல் பாதியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

“நான் முழுசும் படிச்சேன். அவரும் துறவியானாராம். புத்தரைக் கூட்டிட்டு வந்தவனே நான்தான்னு ஒரே பெருமை. யார் சொன்னாலும் கேக்கல. புத்தர் சாகிறதுக்கு முன்னாடி, இவன்கிட்ட இனிமே யாரும் பேசவேண்டாம்னு சொல்லிட்டாராம். அப்புறம்தான் திருந்தினாராம். நானும் பேசாம இருந்து பார்க்கட்டுமா?”

மாமா வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படித்தார்.

மறுநாள் காலை, மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்னால் இருந்த காலி மைதானத்துக்குப் போனோம். நான் அட்டைப்பெட்டிகளைத் தூரத் தூர அடுக்கிவிட்டு வந்து பின்சீட்டில் ஏறினேன். மாமா செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்துச் சம்மணம் போட்டார். சிலை மாதிரி உட்காரத்தான் பார்த்தார், தொப்பை விடவில்லை.

“ஓட்டு” என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் பெட்டி சப்பளிந்தது. மாமாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது, கால் இறங்கவில்லை. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

மாமா கண்ணைத் திறந்தார். “நானா நிறுத்தினேன்?”

“இல்லைங்க. நான்” என்றாள் அக்கா.

மூன்றாவது தடவை அக்கா பாஸ். தானே வேலைக்கு ஓட்டிப்போன முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு வீட்டுக் காரை எடுத்தாள். அதில் ஒரே பிரேக்தான், அது அவள் பக்கம். வழியில் பயிற்சிப் பள்ளி வாசலில், வழியனுப்ப வந்த நானும் மாமாவும் இறங்கிக்கொண்டோம். அக்கா கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, கிளம்பினாள்.

“இளவரசனை விட்டுட்டுத் தேரோட்டி அழுதுகிட்டே திரும்பினான்னு எழுதியிருக்கு மச்சான். எனக்கு என்னடான்னா இவ்வளவு சந்தோஷமா இருக்கு!” என்றார் மாமா.

நான் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் யாரோ ஒருவர் குறுக்கே நடந்தார். அக்காவின் கார் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிய நின்றது. மாமா குனிந்து தன் காலைப் பார்த்தார். அது தரையில் சும்மா இருந்தது.