ஜெர்மனி போய் வந்த மாத்திரை

ருமேனியாவில் எங்கள் ஊரான பொதோஷானியில் டிராயானைத் தெரியாதவர் இல்லை. முன்பு பால் லாரி ஓட்டினான். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தன் வேனில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனிக்குப் போவான், செவ்வாய்க்கிழமை திரும்புவான். இங்கே இருக்கும் அம்மாக்கள் அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் பன்றித் தொத்திறைச்சி, ஊறுகாய், பிளம் சாராயம் எல்லாம் அவன் கை வழியாகத்தான் போகும். கூலி கிலோ கணக்கு. கொக்கித் தராசில் மூட்டையைத் தொங்கவிட்டு, "அக்கா, ஒம் பையன் கல்யாண மண்டபமா வச்சு நடத்துறான்?" என்று சீண்டுவான்.

என் மகள் வியோரிக்கா பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது அவளுடைய தைராய்டு மாத்திரை ஊரிலேயே கிடைக்காமல் போய்விட்டது. ஒருநாள்கூட விடக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது ஒரு வாரத்துக்குத்தான்.

மருந்துக்கடை லுமினிட்சாவிடம் சண்டைக்கே போனேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். அரசாங்கம் மற்ற நாட்டு விலைகளைப் பார்த்து, ஆகக் குறைந்ததை இங்கே வைக்கிறதாம். லாபம் இல்லை என்று கம்பெனிக்காரன் கொஞ்சமாக அனுப்புகிறான். அதையும் மொத்த வியாபாரி வாங்கி, விலை அதிகமுள்ள ஜெர்மனிக்கு விற்றுவிடுகிறான். சட்டப்படி அது தப்பும் இல்லையாம்.

"மாத்திரையும் நம்ம பசங்க மாதிரிதான் மாமா," என்றாள். "எங்க கூடுதலா கெடைக்குதோ அங்க போயிடுது."

விலை குறைந்தது என்று போன வருடம் சந்தோஷப்பட்டவன் நான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டிராயானிடம் ஓடினேன். அந்தச் சீட்டு அங்கேயும் செல்லும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கதையைக் கேட்டு டிராயான் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பசங்கள கொண்டுபோய் விடுறவன் நான். மாத்திரைய கூட்டிட்டு வர மாட்டேனா? போய் நிம்மதியா தூங்குங்கண்ணே."

செவ்வாய்க்கிழமை வேன் வரவில்லை. ஹங்கேரியில் பனியில் மாட்டிக்கொண்டானாம். புதனும் போயிற்று. வியாழக்கிழமை காலை வியோரிக்கா கடைசி மாத்திரையை விழுங்கினாள். நான் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பொழுது சாயும் நேரத்தில் சேறு படிந்த வேன் வாசலில் வந்து நின்றது.

டப்பாவின்மேல் ஜெர்மன் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். வியோரிக்கா நகத்தால் சுரண்டினாள். அடியில் எங்கள் ருமேனிய எழுத்து.

"என்னைவிட இது ஊரு பாத்திருக்குப்பா," என்றாள்.

போக வர ஆன செலவும் சேர்ந்தோ என்னவோ, இங்கே விற்றதைப்போல மூன்று பங்கு விலை. கூலி எவ்வளவு என்று கேட்டேன். டிராயான் டப்பாவைத் தராசுக் கொக்கியில் மாட்டி, முள்ளை உற்றுப் பார்த்தான்.

"அசையலயே அண்ணே. எதுக்குக் கூலி வாங்குறது?"

அதன்பிறகும் அவன் கொண்டுவந்த டப்பாக்கள் பிரசவம் வரைக்கும் போதுமானதாக இருந்தன. என் பேத்தி ஸ்மரான்டா மூன்றரைக் கிலோ. அழுதால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும். அவள் பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜெர்மனிக்குப் புறப்பட்ட வேனை டிராயான் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "வாங்க, பாத்துட்டுப் போகலாம்," என்று பயணிகள் அத்தனை பேரையும் இறக்கிக் கூட்டிவந்துவிட்டான். நர்ஸ் கத்தத் தொடங்குவதற்குள், முன்பின் தெரியாத எட்டுப் பேரும் கண் படாமல் இருக்க என் பேத்தியைப் பார்த்துத் தூ தூ என்று துப்பினார்கள். அவள் நன்றாகக் கொட்டாவி விட்டாள்.