முழுகாத மருமகள்

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரகடம் பக்கத்தில் எங்கள் ஊரைச் சுற்றிக் கம்பெனி கட்டப் பள்ளம் பள்ளமாகத் தோண்டிப் போட்டிருந்த சமயம். ஐப்பசி மழைத் தண்ணீர் அதிலேயே நின்றது. எங்கும் கொசு. வீட்டுக்கு வீடு குளிர் காய்ச்சல்.

என் மருமகளுக்கு அப்போது இரண்டு மாதம். முதல் கரு தங்கவில்லை. அதனால் மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று என் ஓரகத்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். எனக்கும் நாலு பேர் முன்னால் பேச வராது. பேசாமல் இருப்பது சிரமமாகவே இல்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "மசக்கைதான்டி" என்றார் ஓரகத்தி. எனக்கு மனசு ஒப்பவில்லை. வீடு வீடாக வந்த சுகாதார ஊழியரிடம் அவளை விரல் நீட்டச் சொன்னேன். கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் போனார். மலேரியா என்று வந்தது.

கோயில் வாசலில் உட்கார்ந்து அவர் மாத்திரை கொடுத்தார். தெருவே வரிசையில் நின்றது. பெரிய மாத்திரை மூன்று நாளைக்கு, சின்ன மாத்திரை அதற்கு மேலும் பல நாளைக்கு. என் முறை வந்ததும் குனிந்து மெதுவாக, "தம்பி, மருமவ முழுகாம கீறா" என்றேன்.

"காய்ச்சல்ல எதுக்கும்மா முழுகணும்? குளிக்காம இருக்கிறதே நல்லது" என்று சத்தமாகச் சொல்லி, இரண்டு வகை மாத்திரையையும் கையில் வைத்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் நகர்ந்துவிட்டேன்.

பத்தடி போன பிறகுதான் உறைத்தது, முழுகாமல் இருப்பது என்றால் கர்ப்பம் என்று அவருக்குப் புரியவே இல்லை என்று. திரும்பினேன். கூட வந்திருந்த ஓரகத்தி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாடி, ஊருக்கே தண்டோரா போடப் போறியா?"

"ஆமாக்கா, போடத்தான் போறேன். கைய வுடு." உதறிவிட்டுக் கத்தினேன். "தம்பி! என் மருமவ கர்ப்பமா கீறா! ரெண்டு மாசம்! அவளுக்கு இன்னா குடுக்கணுமோ அத்தக் குடு!"

அவர் எழுந்து வந்து சின்ன மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இது கர்ப்பிணிக்குக் கூடவே கூடாதும்மா. நான்தான் கேட்டிருக்கணும். உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

எந்த மாத்திரையும் வேண்டாம், கலைந்துவிடும் என்று ஓரகத்தி வாசலை மறித்தார். அவரைத் தாண்டித்தான் அவளைப் பஸ் ஏற்றினேன். மலேரியாவை அப்படியே விட்டால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார் டாக்டர். பெரிய மாத்திரையை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். கொசுவலைக்குள்தான் படுக்க வேண்டும் என்றார். மூன்று நாளும் பக்கத்திலேயே நின்று விழுங்க வைத்தேன்.

வைகாசியில் பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். நடுத்தெருவில் மானத்தை வாங்கியவள் என்று ஓரகத்தி இன்றும் சொல்லிக் காட்டுவார். சொல்லட்டும். அப்படி ஒரு வரிசையில் மறுபடி நிற்க நேர்ந்தால், ஊர் என்ன நினைத்தாலும் என் வாயில் முதல் வார்த்தையே கர்ப்பம் என்பதாகத்தான் இருக்கும்.