நூல் கட்டி விழவைத்த பூ

சினிமாவில் சாமி வரும் காட்சி என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காற்றே இல்லாத கோயிலில் மணி தானாக ஆடும், அம்மன் கண் சிவக்கும், பாம்பு ஒன்று படியேறி வரும். அது ஒரு வகை. இன்னொரு வகையில், கறுப்புச் சட்டை போட்டவன் இரண்டு மணி நேரம் சாமியைத் திட்டிவிட்டுக் கடைசியில் திருநீறு பூசிக்கொள்வான். கும்பிடுகிறவளுக்குக் கும்பிடும்போதே உள்ளே ஓடுகிற சந்தேகத்தை யாராவது காட்டியிருக்கிறார்களா? சாமி இல்லை என்று வாய் கிழியப் பேசுகிறவன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நிற்கும்போது கை தானாகக் குவிவதைக் காட்டியிருக்கிறார்களா? நான் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவனுக்கு, அதுவும் ஐம்பதை நெருங்குகிற வயதில், இந்த வீம்பு தேவையா என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

முன்பு இருந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் என் மனைவி சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கல்வராயன் மலையில் அவள் பிறந்த வீட்டார் கும்பிடுகிற அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டேன். அங்கே அது வழக்கம். அம்மனின் இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டிவைத்துவிட்டு, கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுக் காத்திருக்க வேண்டும். வலது தோள் பூ விழுந்தால் ஆகும். இடது தோள் பூ விழுந்தால் ஆகாது. எனக்கு வலது தோள் பூ விழுந்தது. மலையிறங்கும் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை, கல்யாணம் எடுக்கப் போகிற கோயில்களைத் தவிர. வீட்டைக் காலி செய்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு உரக்கடை மாடிக்கு வந்துவிட்டேன். அங்கேயே எடிட்டிங், அங்கேயே படுக்கை. காலையில் முதலில் என்னோடு பேசுகிறவர் டீக்கடைக்காரர். "சக்கர கம்மிதான?" என்பார். பல நாட்களில் பேச்சு அதோடு முடிந்துவிடும். முகூர்த்த நாட்களில் ஆயிரம் பேர் நடுவில் நிற்பேன், அத்தனை பேரும் காமிராவைப் பார்த்துச் சிரிப்பார்கள், பின்னால் இருக்கிற என்னைப் பார்க்க மாட்டார்கள். தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் தனியாக இருந்து பார்த்தவர்கள் இல்லை.

படத்தின் கதை இவ்வளவுதான்: ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்காகப் பூ கேட்கிறாள். வலது தோள் பூ விழுகிறது. குழந்தை பிழைக்கவில்லை. அதன்பின் அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் படம். மனைவியைக் குழந்தையாக்கி, என்னைத் தாயாக்கி எழுதியிருக்கிறேன் என்பது என்னோடு வந்த இரண்டு கல்யாண வீடியோ ஆட்களுக்குத் தெரியாது. அதே கோயிலில்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பழி தீர்த்துக்கொள்ளத்தான், வேறென்ன?

தாயாக நடிக்க வந்த நாடகக்காரப் பெண் நன்றாக அழுதாள். ரொம்ப நன்றாக அழுதாள், அதுதான் தொல்லை. கூட்டத்தில் நிற்பதற்காகக் கச்சிராயப்பாளையம் பக்கமிருந்து கூலி வேலைக்குப் போகும் பெண்கள் சிலரை வரச் சொல்லியிருந்தோம். அதில் ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், அழுகிறவளைப் பார்க்காமல் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

"எனக்கு வசனம்லாம் வராது சார்" என்றாள்.

"வசனமே வாணாம்மா. வாய்க்குள்ளயே கேளு. நெசமா சாமிகிட்ட எப்பிடிக் கேப்பியோ அப்பிடிக் கேளு, போதும்."

"நெசமாவே பூ வெப்பீங்களா?"

"நெசமாத்தான்."

வைத்தது நிஜம். ஆனால் வலது தோள் பூவின் காம்பில் தூண்டில் நரம்பு ஒன்றைக் கட்டியிருந்தேன். அதன் மறுமுனை கதவுக்குப் பின்னால் குந்தியிருந்த என் கையில் இருந்தது. பூசாரி மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் திருப்பப் போயிருந்தார், அவருக்கும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் முகத்தில் உண்மை வராதாம். உண்மைக்காகப் பொய்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அன்று எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

ஆறு நிமிஷம் அவளை நிற்க வைத்தேன். உதடு அசைந்தது. கண் அசையவில்லை. பிறகு நரம்பைச் சுண்டினேன், பூ விழுந்தது. அவள் ஒரு விநாடி நம்ப முடியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், தரையில் விழுந்து கும்பிட்டாள். கட் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். "இன்னா நடிப்புடா சாமி!" என்றான் ஒருவன். அவள் யாரையும் கவனிக்காமல் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம், அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் காட்சியை வெட்டிக்கொண்டிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் புடவைக்குள் குத்தியிருந்த சின்ன மைக்கின் ஒலியை அப்போதுதான் முதன்முதலில் திறந்தேன். முணுமுணுப்பு. சத்தத்தை ஏற்றினேன்.

"கொழந்தயப் பத்தி கேக்கச் சொல்றாங்க. எனக்கு எது கொழந்த? எம் வூட்டுக்காரரு மூணு வருசமா வரல. உயிரோட இருக்காரா? வருவாருன்னா வலப்பக்கம் குடு, நான் இங்கியே கெடக்கறேன். வரமாட்டாருன்னா எடப்பக்கம் குடு, எந்தம்பிகூட திருப்பூருக்குப் போயிடறேன். எத்தினி நாளு தனியா கெடப்பேன், சொல்லிடும்மா."

அதற்குப் பிறகு பூ விழும் சத்தம். நான் விழவைத்த பூ.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். சோப்புப் போட்டுக்கொண்டே நின்றேன், தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. இரண்டு நாள் அவளைப் பார்க்கப் போகவில்லை. திருநாவலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம், வேலை இருக்கிறது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, கச்சிராயப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கொடியில் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"வந்துட்டாராம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னும் இல்ல சார். பொட்டியிலயே கெடந்து பூச்சி அரிச்சிடப் போவுதுன்னு தொவச்சிப் போட்டேன்" என்று சிரித்தாள். பிறகு, "அவரு கத உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள்.

"சும்மா கேள்விப்பட்டேன்" என்றேன். அவளே சொன்னாள். மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போன கூட்டத்தோடு போனவராம். திரும்பி வரும் வழியில் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியவர்தான், கூட்டம் வந்துவிட்டது, அவர் வரவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தான். பூ விழுந்த மறுநாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அவன் கோபித்துக்கொண்டு போன் பண்ணுவதையே விட்டுவிட்டான்.

"இருக்கட்டும் சார். அவரு வந்து வூடு பூட்டிக் கெடந்தா எங்க போவாரு?"

நான் சொல்லிவிட்டேன். மைக்கை, நரம்பை, கதவுக்குப் பின்னால் குந்தியிருந்ததை, எல்லாவற்றையும். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

அவள் கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு, "எந்தக் கையால இழுத்தீங்க?" என்றாள்.

வலது கையைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"எதுக்கு சார்? நாங்க இன்னா பண்ணோம் உங்கள?"

"எனக்கும் ஒரு தபா அங்கதாம்மா பூ வுழுந்துச்சி" என்றேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அதை ஒரு மனுஷியிடம் சொன்னேன். "எம் பொஞ்சாதிக்காகக் கேட்டேன். வலப்பக்கம்தான் வுழுந்துச்சி. அவ செத்துட்டா."

ஐயோ பாவம் என்பாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு யாரு நூலு கட்டினது?" என்றாள்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

அவள் எழுந்து சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். கதவைப் பூட்டினாள். "அப்ப அந்த அம்மன் இன்னும் சொல்லவே இல்ல. அவ்ளோதான? வாங்க" என்றாள்.

மலைப் பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. கோயிலில் பூசாரி இருந்தார். பூவை நனைத்து இரண்டு தோளிலும் ஒட்டிவிட்டுத் திரி தூண்டப் போனார். நான் வெளியே நிற்கலாம் என்று நகர்ந்தேன்.

"எங்க போறீங்க? இப்பிடி முன்னால வந்து நில்லுங்க. ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்."

முன்னால் போய் நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்புக்கு நேரே சேர்த்து வைத்துக்கொண்டேன். பூசாரி பார்த்திருந்தால் நான் கும்பிடுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் கேட்டுக்கொண்டும்தான் இருந்தேன். வலப்பக்கம், வலப்பக்கம், ஒரே ஒரு தடவை வலப்பக்கம் கொடுத்துத் தொலை. யாரிடம் கேட்டேன்? எந்த அம்மன் இல்லை என்று படமெடுத்தேனோ அந்த அம்மனிடம்தான். என் பொய் மெய்யாகிவிட வேண்டும் என்கிற சுயநலம் அதில் எவ்வளவு, அவளுக்காக எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் இவ்வளவு கலங்கலாகத்தான் இருக்கும் என்று எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை, என் படத்திலும் அது இல்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. கால் மரத்துவிட்டது. இடது தோள் பூ விழுந்தது.

அவள் கத்தவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. "காத்துலகூட வுழுந்திருக்கும்மா. கதவு தெறந்துதான இருந்துச்சி. இத நம்பிக்கினு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க சார்!" என்றாள். பூசாரி திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குத்தான் எதுவுமே இல்ல. எனக்கு ஒண்ணாவது இருந்துட்டுப் போவட்டும், வுடுங்க."

அந்த வார்த்தை நேராக வந்து விழுந்தது. உரக்கடை மாடி, ஒற்றைத் தட்டு, சர்க்கரை கம்மியா என்கிற குரல், எல்லாம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

தம்பியின் கோபம் ஒரே போனில் தீர்ந்துவிட்டது. திருப்பூர் கிளம்பியவளைச் சின்னசேலத்தில் சேலம் பஸ் ஏற்றிவிடப் போனேன், அவள் கூப்பிடாமலே. ஒரு பை, ஒரு தகரப் பெட்டி. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். போய் வருகிறேன் என்று தலையாட்டினாள், அவ்வளவுதான். திரும்பி வந்து, அந்தக் காட்சியில் அவள் குரல் இருந்த ஒலியை முழுக்க அழித்தேன். படத்திலாவது அவளை விட்டுவிடலாம் என்று. மூலப் பதிவு மட்டும் தனியே கிடந்தது, அதை அழிக்கக் கை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே போன் பண்ணினாள். பின்னால் ரேடியோவும் பிள்ளைகள் சத்தமும் கேட்டன. வேலை பரவாயில்லை, நின்றுகொண்டே செய்வதால் கால்தான் வீங்குகிறது என்றாள். பிறகு தயங்கினாள்.

"சார், படத்துல நான் சாமிகிட்ட கேட்டது வருமா?"

"இல்லம்மா. பயப்படாத. எடுத்துட்டேன். யாருக்கும் கேக்காது."

அந்தப் பக்கம் ரேடியோ நின்றது.

"திரும்பப் போட முடியுமா?"

"இன்னாத்துக்கும்மா?"

"அவரு எங்கியாவது படம் பாத்துக்கினு இருப்பாரு சார். சினிமான்னா அவருக்கு உசுரு. நான் கேட்டது அவரு காதுல வுழட்டும்."

இடது தோளில் விழுந்ததே என்று நான் கேட்கவில்லை. இந்தப் படத்தை எந்தத் தியேட்டரும் போடப்போவதில்லை என்றும் சொல்லவில்லை. போட்டுவிடுகிறேன் என்றேன். போனை வைத்ததும் மூலப் பதிவைத் தேடி எடுத்து, அவள் உதடு அசைகிற இடத்தில் பொருத்தினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி, தெருவுக்கே கேட்கும்படி சத்தத்தை ஏற்றினேன்.