இரண்டு பேர் பாரம்

பைக் சீட்டின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி ஒரே அழுத்து அழுத்தி விடுகிறார் மாரீஸ்வரி. வண்டி அமுங்கி எழுந்து நிற்பதற்குள் கண்ணை மூடித் திறந்துவிடுகிறார். "முன்னாடி சரி. பின்னாடி ரொம்பத் தொய்யுது." பிறகுதான் டேப் வைத்து அளக்கிறார், அதுவும் வண்டி கொண்டு வரும் எங்களைப் போன்றவர்களின் நம்பிக்கைக்காக. நான் பார்த்தவரை டேப் அவரை மறுத்துப் பேசியதில்லை.

குமுளியில், ஏலக்காய்க் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய பட்டறை. வயது நாற்பத்திரண்டு. சுடிதாருக்கு மேல் ஆண்கள் அணியும் காக்கிச் சட்டை. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்த நாட்களில், கம்பத்துப் பழைய இரும்புக் கடையில் உடைந்த ஷாக் அப்சார்பர்களை எடைக்கு வாங்கி, ரம்பத்தால் அறுத்து உள்ளே பார்த்தவர். "அறுத்தாத்தான தெரியும்? வெளிய நின்னு பாத்தா எல்லாம் வெறுங்குழாதான்." இன்ஜின் வேலையைத் தொடுவதில்லை. "வண்டிய ஓட வைக்க ஊருபூரா ஆளு இருக்கு. தரையில நிக்க வைக்கத்தான் ஆளு கம்மி."

சென்ற ஜூனில் ஜோமோன் என்ற இளைஞன், நெடும்பயணத்துக்கென்றே செய்த பெரிய பைக் ஒன்றைக் கொண்டு வந்தான். அதற்கு முந்தைய மழைக்காலத்தில், குமுளி மலைப்பாதை வளைவொன்றில் அது சறுக்கி விழுந்து, பின்னால் இருந்த அவன் மனைவி ஜோமோளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவே இல்லை. விலை உயர்ந்த ஸ்பிரிங்கும் புது டயர்களும் வாங்கி வந்திருந்தான்.

"பின்னாடி உக்காருறவுக வராம நான் ஸ்பேனரத் தொடமாட்டேன்" என்றார் மாரீஸ்வரி.

மறுநாள் ஜோமோள் ஆட்டோவில் வந்தாள். நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறி உட்காரவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மாரீஸ்வரி குந்தி உட்கார்ந்து அளந்தார்.

"இம்புட்டு நாளும் ஒத்தை ஆளுக்கு வச்ச ஸ்பிரிங்குல ரெண்டு பேரு போயிருக்கீக. பின்னாடி அமுங்குனா முன்சக்கரம் எப்படித் தரையக் கவ்வும்? டயரும் நடுவுல தேஞ்சு பலகையாக் கெடக்கு."

"அப்போ என் தப்புதானா, சேச்சி?" என்று அக்கா முறை சொல்லிக் கேட்டான் ஜோமோன்.

"ஆமா. தெரியாமச் செஞ்ச தப்பு."

இருவர் எடைக்கும் பொருந்த முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங்கையும் அதற்குள் ஊற்றும் எண்ணெயையும் மாற்றினார். பின் ஷாக்கில் புது ஸ்பிரிங்கைப் போட்டு, அளவு சரியாகும்வரை மூன்று முறை கழற்றி மாட்டினார். புது டயரின் மேல்தோல் வழுக்கும் என்று, அது தேயும்வரை வண்டிப்பெரியாற்றுக்கு நான்கு முறை தனியாகப் போய்வந்தார்.

அளந்ததற்கு மூன்றாம் நாள் சாரல். ஜோமோள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "எனக்குப் பேடியா இருக்கு, சேச்சி, ரொம்பப் பயம். இவர்கூட ஏறமாட்டேன்."

"அப்ப என்கூட வாங்க. விழுந்த எடத்துக்கே போவோம்."

நானும் ஜோமோனும் என் ஜீப்பில் பின்தொடர்ந்தோம். அந்த வளைவில் தார் பெயர்ந்து மழைநீர் குறுக்கே ஓடியது. பெரிய வண்டி அவசரமில்லாமல் சாய்ந்தது. பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். மேலே ஜோமோளின் தோள் அசையவில்லை. சக்கரத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு முழ நீளத்தில் அந்த அதிர்ச்சி முழுவதும் கரைந்து போயிருந்தது. வளைவு முடிந்ததும், பின்கம்பியை இறுகப் பிடித்திருந்த கைகளில் ஒன்று விடுபட்டு, ஹெல்மெட் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தது.

சாலை அகன்ற இடத்தில் வண்டி நின்றது. பின்னால் இருப்பவர் முதலில் இறங்குவதுதான் வழக்கம். ஜோமோள் இறங்கவில்லை. மாரீஸ்வரி ஒரு கணம் காத்திருந்தார். பிறகு டேங்கின் மேலாகக் காலைத் தூக்கிப் போட்டுத் தாம் இறங்கி, வண்டி சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜோமோனைப் பார்த்துக் காலியாக இருந்த முன் சீட்டை நோக்கி மோவாயை அசைத்தார்.